பந்தி நடுவில் ஒரு மன்னிப்பு

முகூர்த்த நாட்களில் காலையில் போட்டுக்கொண்டு போன செருப்பு சாயங்காலம் என் காலில் ஏறுவதில்லை. கால் அவ்வளவு வீங்கிப் போயிருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஷேர் ஆட்டோவுக்கு நடப்பேன். மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் சாப்பாடு போடுகிற ஊர் எங்கள் திருத்தணி. நல்ல முகூர்த்தம் என்றால் அரக்கோணம் ரோட்டிலிருந்து பைபாஸ் வரைக்கும் ஒரு மண்டபம்கூடக் காலியாக இருக்காது. அந்த மண்டபங்களில் சாம்பார் வாளி தூக்கியே என் நாற்பதுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கள் சமையல் கான்ட்ராக்டரை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா என்கிற அர்த்தம்தான், ஆனால் அவருக்கு என் அப்பா வயதெல்லாம் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டே இருப்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் புதிதாக வந்தால் அவரிடமே வந்து, "கான்ட்ராக்டர் எங்கப்பா?" என்று கேட்பார்கள். ஏனென்றால் அப்போது அவர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். இலை எடுக்கிற பெண் வராத அன்று எச்சில் இலையை அவரே சுருட்டுவார். பாத்திரம் கழுவுகிறவளுக்குக் காய்ச்சல் என்றால் அண்டாவுக்குள் தலையை விட்டு அவரே தேய்ப்பார். கடைசிப் பந்தியும் முடிந்த பிறகு, "எல்லாரும் துன்னாச்சா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுவிட்டு, மிஞ்சியிருக்கிற சோற்றில் ரசத்தை ஊற்றி, பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே நின்றபடி சாப்பிடுவார்.

இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்று எங்கள் ஆட்கள் சொல்லாத நாள் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். வேறு கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கையைச் சொடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நைனா ஒரு நாளும் யாரையும் வாடி போடி என்று பேசியதில்லை.

ஆனால் அவர் உட்காரவும் மாட்டார். அதைப் பற்றி மட்டும் நாங்கள் யாரும் பேசிக்கொண்டதில்லை. முதலாளி நின்றுகொண்டிருக்கும்போது கூலிக்காரி எப்படி உட்காருவாள்? ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தால், அவர் எதிரில் துடைப்பத்தோடு வருவார். "நீ இரும்மா, நான் பெருக்கறேன்" என்பார். உடனே நாம் ஓடிப்போய் அந்தத் துடைப்பத்தைப் பிடுங்க வேண்டும். அவருடைய நல்ல குணத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் சுமந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கால் வலிப்பது மட்டும்தான் தெரியும்.

அந்தக் கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. பெண் வீட்டார் கனகம்மாசத்திரம் பக்கம் விவசாயக் குடும்பம். பெண்ணின் அப்பா சாதுவான மனிதர். காலையில் டிபன் பந்தியிலேயே எங்களிடம் வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணும் கொறை வராம பாத்துக்கங்கம்மா" என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டவர். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பெரிய இடம். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர், கழுத்தில் தடிச் சங்கிலி போட்டவர், மதியப் பந்தியில் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு வந்த கூட்டம் சொன்னதைவிட அதிகம். வடை பொரிந்து வர நேரமாகிவிட்டது. நான் ரச வாளியோடு அந்த வரிசையில் வந்துகொண்டிருந்தேன்.

"ஏய், வடை எங்க?" என்றார் பெரியப்பா.

"பொரிஞ்சிகினு இருக்குதுங்க. தோ, வந்துடும்" என்றேன்.

"எத்தினி வாட்டி கேக்கறது? சோறு போடக் கூப்ட்டாங்களா, பிச்சை போடக் கூப்ட்டாங்களா?" என்று கையை வீசினார். அந்தக் கை என் கரண்டியில் பட்டது. கரண்டியிலிருந்த கொதிக்கிற ரசத்தில் பாதி என் மணிக்கட்டில் கொட்டியது. மீதி அவருடைய பட்டு வேட்டியில் தெறித்தது.

எனக்கு எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எழுந்து நின்றுவிட்டார். "வேணும்னே ஊத்தறா பாரு" என்று கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கையைச் சோற்றில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஊத்தலைங்க. உங்க கை பட்டுச்சி" என்றேன்.

"எதுத்துப் பேசறியா? மன்னிப்பு கேளு. இல்லன்னா எங்க ஆளுங்க ஒருத்தரும் இங்க சாப்பிட மாட்டாங்க."

பெண்ணின் அப்பா எங்கிருந்தோ ஓடி வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், கைகூப்பியபடி நின்றார். நான் வாளியைக் கீழே வைத்தேன். கேட்கக் கூடாது என்றுதான் நின்றேன். செய்யாத தப்புக்கு ஏன் கேட்க வேண்டும்? ஆனால் அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தால் கேட்டுத் தொலைத்துவிடலாமா என்றும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றிருந்தது கொஞ்ச நேரம்தான். இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் ஏதோ ஒரு பக்கம் போயிருப்பேன்.

அதற்குள் நைனா வந்துவிட்டார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராகப் போய்ப் பெரியப்பாவின் காலைத் தொட்டார்.

"தப்பு எங்களுதுங்க. மனசுல வச்சிக்காதீங்க. குந்துங்க, நானே பரிமாறறேன்."

அவ்வளவுதான். பெரியப்பாவின் முகம் இளகிவிட்டது. "செரி செரி, வுடுப்பா" என்று உட்கார்ந்தார். வடை வந்தது. நைனா தன் கையால் அவருக்கு வைத்தார். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பந்தி நடந்தது.

நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை அதன்கீழ் வைத்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் நைனா களிம்பை எடுத்துக்கொண்டு வந்தார். என் கையை வாங்கி மெதுவாகத் தடவினார்.

"ஏன் நைனா வுழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணோட அப்பன் மூஞ்சிய நீ பாத்தியா இல்லையா? என் தலை குனிஞ்சா எனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

"அது உங்க தலை இல்ல நைனா. என் தலை."

அவருக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "உனக்கோசரம்தானேம்மா வுழுந்தேன்" என்றார். உள்ளேயிருந்து யாரோ பாயசம் என்று கூப்பிட, களிம்பை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

வேலை முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். எந்த முதலாளி வேலைக்காரிக்காகக் காலில் விழுவான் என்று ஒருத்தி கண் கலங்கினாள். என்னைப் பார்த்து, "நீ கொடுத்து வச்சவடி" என்றாள். அவர் 'தப்பு எங்களுது' என்று சொன்ன நொடியில் அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நான் ரசம் ஊற்றியவளாக ஆகிவிட்டேன். அதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உனக்கோசரம் ஒரு மனுஷன் கால்ல வுழுந்திருக்கான். உனக்கு இன்னா கொறை?"

கை எரிந்தது. படுத்துவிட்டேன்.

அடுத்த முகூர்த்தத்துக்கு நான் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, அலுப்பு. நல்லவர்மேல் கோபப்படுவது கெட்டவர்மேல் கோபப்படுவதைவிடப் பெரிய வேலை. ஒவ்வொரு முறையும் அவர் செய்த நல்லதை எல்லாம் எண்ணிப் பார்த்து, அதையும் தாண்டிக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் காலையில் நைனாவே தன் டிவிஎஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"கை ஆறிடுச்சா?"

"ஆங், ஆறிடுச்சி."

"எதுக்கு வர மாட்டேன்றன்னு எனக்குத் தெரியலைம்மா. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள்லருந்து இப்டித்தான் சமாளிச்சிகினு கீறேன். சண்டைன்னா குனிஞ்சி போயிடுவேன். வேற வழி எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால் நானும் யோசித்துத்தான் சொன்னேன்.

"வுழறதுக்கு முன்னாடி என்னக் கேட்டிருக்கணும் நைனா."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"தெரியல. வுழுங்கன்னுகூட சொல்லியிருப்பேன். நானே மன்னிப்பு கேட்டிருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனா அது நான் கேட்டதா இருந்திருக்கும்."

அவர் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தார். எதிர் வீட்டில் விசைத்தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு டம்ளரை நீட்டி, "அப்டின்னா பந்திய இனிமே நீ பாத்துக்கோ. நான் அடுப்பாண்டயே இருந்துடறேன். என்னால ஒவ்வொருத்தரையா கேட்டுகினு இருக்க முடியாது. ஓடிப் பழகிட்டேன்" என்றார்.

பதவி உயர்வு மாதிரித்தான் ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் முதல் சில நாட்கள் பெருமையாக இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல்கள் கேட்டு வாங்கிக் கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் போட்டேன். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் நானே முதலில் போய் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் முதல் பந்திக்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும் என்றேன். கல்யாண வீட்டுக்காரர்கள் சிலர், "விருந்தாளி சாப்பிடறதுக்கு முன்னாடியா?" என்று முகம் சுளித்தார்கள். வயிறு காய்ந்தவள் கையில் சோற்று வாளி கனக்கும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு கல்யாணத்திலும் புதிய ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொருவரையாகக் கேட்டுக் கேட்டுச் செய்வது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இவளுக்கு எந்த வரிசை வேண்டும், அவளுக்கு வாளியா தட்டா, யாருக்கு மாத வயிற்றுவலி, யாருடைய மாமியார் இன்றைக்கு ஆஸ்பத்திரியில். பொதட்டூர்பேட்டை பஸ் வரவில்லை என்று விடியற்காலையில் ஒரு போன். குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்று இன்னொரு போன். நைனாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. யார் வராவிட்டாலும் அந்த வேலையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிடுவார். பேச்சு மிச்சம். அவர் ஏன் அப்படி ஓடினார் என்று மெல்ல மெல்ல எனக்குப் புரிந்தது. கேட்பதைவிடத் தூக்குவது சுலபம்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். எங்கள் ஆட்களில் வயதில் மூத்தவர் ஒருவர் உண்டு. ஆர்.கே.பேட்டைக்காரர். எனக்கு ஒரு வகையில் அத்தான் முறை, பாவா என்று கூப்பிடுவேன். விசைத்தறியில் வேலை செய்கிறவர், ஆர்டர் இல்லாத நாட்களில் பந்திக்கு வருவார். அதிகம் பேச மாட்டார். வரிசை கோணாமல் நிதானமாகப் பரிமாறுவார்.

அன்றைக்கு அவர் கையிலிருந்த காரக்குழம்பு வாளி சரிந்து, மாப்பிள்ளையின் அத்தை மடியில் கொட்டிவிட்டது. நல்ல வேளை, சூடு ஆறியிருந்தது. ஆனால் புடவை புதுப் பட்டு. அந்த அம்மாள் எழுந்து நின்று அழுதுவிட்டார். பாவா உடனே, "மன்னிச்சிக்கங்கம்மா, கை வழுக்கிடுச்சி" என்றார். அந்த அம்மாளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"இந்த ஆள் என் கண் முன்னாடி நிக்கக் கூடாது. மொதல்ல வெளிய அனுப்புங்க. கெழவனுங்களையெல்லாம் எதுக்கு வேலைக்கு வக்கிறீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. தப்பு நடந்தது, கேட்டார், அதோடு முடிய வேண்டியதுதானே? வெளியே அனுப்ப இவர்கள் யார்? பாவாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வேட்டியிலும் குழம்பு.

"பாவா, உங்கள அனுப்பச் சொல்றாங்க. நீங்க இங்கயே இருக்கணும்னா சொல்லுங்க, நான் பேசறேன். அவங்க எவ்ளோ கத்தினாலும் பரவால்ல. நைனாவையும் கூப்புடறேன். இன்னா சொல்றீங்க?"

அவர் வாளியின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்மா. நான் பின்னாடி போய் அண்டா கழுவறேன். இங்க நின்னா எல்லாரும் என்னியேதான் பாப்பாங்க."

"நீங்க பயந்துகினு சொல்ல வேணாம் பாவா."

"பயம் இல்லம்மா. இன்னிக்கி எனக்கு சண்டை வேணாம். அவ்ளோதான்."

பேச வேண்டிய சொற்களை எல்லாம் நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் வீணாகிப் போயின. உண்மையில் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. நான் சண்டை போடத் தயாராக இருக்கும்போது இவர் ஏன் வேண்டாம் என்கிறார்? ஆனால் கேட்டது நான். சொன்னது அவர். அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டேன். அத்தையிடம் போய், "அவர் உள்ள போயிட்டாரும்மா" என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் இன்னொரு முறை சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

அந்த அம்மாள் வேறு புடவை மாற்றிக்கொண்டு அடுத்த பந்தியில் வந்து உட்கார்ந்தார். எதுவும் நடக்காத மாதிரி, "கொஞ்சம் பொரியல் வைம்மா" என்றார். வைத்தேன்.

வேலை ஓய்ந்து பின்கட்டுக்குப் போனபோது பெரிய அண்டாவைச் சாய்த்துப் போட்டு ஒரு பக்கம் பாவாவும் இன்னொரு பக்கம் நைனாவும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டு வாசலிலிருந்து நைனா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பந்திக்குள் வரவில்லை. வராமல் நிற்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தலையை நிமிர்த்தாமலே என்னைக் கேட்டார்.

"கேட்டியா?"

"ஆங், கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"அண்டா கழுவறேன்னாரு."

"செரி" என்றார் நைனா. தேங்காய் நாரில் இன்னும் கொஞ்சம் புளியைத் தொட்டுக்கொண்டு தேய்ப்பதைத் தொடர்ந்தார். பாவா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்காக அவரும் ஆட்டோவுக்காக நானும் ஒரே முக்கில் நின்றோம். காவடி எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரோட்டைக் கடக்க முடியவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு என்ன வேலை எடுத்துக்கொள்கிறீர்கள், வாளியா, பின்பக்கமா என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. "வந்து சொல்றேம்மா" என்று ஏறிவிட்டார்.

இரவு முழுக்க எனக்குச் சந்தேகம், இனி வரவே மாட்டாரோ என்று. வராமல் போனவள் நானும்தான். போன் பண்ணிக் கேட்கலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முகூர்த்தத்தன்று பாவா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டி வெளுத்து இஸ்திரி போட்டிருந்தது. நேராக என்னிடம் வந்து, "தண்ணி பாட்டில் வக்கிறேம்மா. குழம்பு வேணாம். அண்டாவும் வேணாம்" என்றார்.

தண்ணீர் பாட்டில் அன்றைக்கு இன்னொருத்தியிடம் இருந்தது. இடுப்பு வலி என்று அவளே முந்தின வாரம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அவளிடம் போய்ச் சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "அப்ப என் இடுப்பு உங்களுக்கு இடுப்பு இல்லியா?" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்தால் உனக்குச் சரியாக இருக்கும் என்று கேட்க ஆரம்பித்தேன். மலையில் மேளம் முழங்குவது கேட்டது. தாலி கட்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அவள் சொல்லட்டும் என்று நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.